வடிவக்கா படித்த கொலைக்கதைகள்

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே கிடக்கும் இரும்பு நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்து தேய்த்தவள் நான். திங்கள், புதன், வெள்ளி. என் தம்பி சுடலைக்கண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கல்யாணம் ஆகாதவன். கூட்டிக்கொண்டு வர அக்காக்காரி நான்தான். மாப்பிள்ளையூரணியில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை அந்த மூன்று நாளும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஏன் என்று கேட்கிறவர்களிடம் எரிந்து விழுவேன். அந்த நாற்காலியில் எனக்குப் பிடிக்காமல் போனது நோயாளிகளை இல்லை, நோயாளிகளைப் பார்க்க வந்து புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறவர்களை. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சரியாகிவிடும் என்று ஒருத்தன் சொன்னான். அவன் செருப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசலாமா என்று யோசித்தேன்.

அங்கேதான் எனக்கு வன்னியபெருமாள் அண்ணாச்சியும் அவர் மனைவி அருணாசலவடிவும் பழக்கம். வார்டு முழுக்க அவளுக்கு வடிவக்கா என்றுதான் பேர். என் தம்பியின் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது.

அண்ணாச்சி முப்பத்து நாலு வருஷம் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் வந்து கட்டியதும் முதல் ஆளாக ஏணி ஏறி கேப்டனிடம் காகிதங்களை வாங்குவதும், கிளம்பும்போது கொடுக்க வேண்டிய காகிதங்களைக் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக இறங்குவதும்தான் வேலை. வடிவக்கா அதே ஆபீஸில் டெலக்ஸ் மெஷினில் செய்தி அடித்து அனுப்பும் ஆபரேட்டர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். பாளையங்கோட்டையில் ஆங்கிலம் படித்தவள். அந்தக் காலத்தில் கப்பல் அதிகாரிகள் படித்து முடித்த புத்தகங்களை ஏஜெண்ட் ஆபீஸில் போட்டுவிட்டுப் போவார்களாம். மேஜையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மடியில் ஒரு நாவல் விரிந்து கிடக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் அண்ணாச்சி பெண் கேட்டாராம்.

"இவரு பேப்பர்ல ராசிபலன் தவிர ஒரு வரி படிக்க மாட்டாரு. வீட்டுக்கு ஒரு ஆள் படிச்சாப் போதும்னு நெனச்சு கட்டிக்கிட்டாரு" என்பாள் அக்கா.

பிள்ளை இல்லை. அதைப்பற்றி இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. மில்லர்புரத்தில் சின்ன வீடு. அண்ணாச்சி சமைப்பார், அக்கா படிப்பாள். ஊர் சிரிக்கும், அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்படி வாழ்ந்த பொம்பிளைக்குச் சர்க்கரை வந்து, சிறுநீரகம் போய், ஊசி குத்த ஆரம்பித்ததும் படிப்பு நின்றுபோனது. கண்ணில் கோளாறு இல்லை. புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியில் கண் நின்றுவிடுகிறது என்றாள். "படிச்சு என்ன செய்யப் போறேன்?" என்றும் சொன்னாள். நாலு மணி நேரமும் மேற்கூரையைப் பார்த்தபடியே கிடப்பாள். வார்டு டிவியில் எவளோ எவளுக்கோ விஷம் வைக்கத் திட்டம் போடுவாள். வடிவக்கா அதைக்கூடப் பார்க்க மாட்டாள்.

டயாலிசிஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்து மேடாக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதில் தடித்த ஊசி இரண்டு குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவார்கள். அந்தக் கை அசையக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பது தண்டனை.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அக்காவுக்கு அந்தக் கைக்குழாய் அடைத்துக்கொண்டது. மறுபடி முழங்கைக்கு மேலே கீறித் தைத்தார்கள். ஆறின பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை, முகமெல்லாம் நீர் கோர்த்து மூச்சு முட்டிக் கிடந்தவளை அண்ணாச்சி ஆட்டோவில் அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தார். மெஷினில் போட்டு மூச்சு ஒழுங்காக வந்ததும் அக்கா கண் திறந்து சொன்னது இதுதான்:

"என்னைய எதுக்குத் தூக்கிட்டு வந்திய? போதும்னு சொன்னேம்லா."

அண்ணாச்சி வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறடி மனுஷன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ ஆறின பிறகு அவரே பேசினார். "பேச்சி, அவ எதையும் பாதியில விட்டவ இல்ல. கதை பாதியில நின்னா பஸ்ஸவிட்டு எறங்க மாட்டா. ஒரு மட்டம் வேம்பார்ல எறங்க வேண்டியவ படிச்சு முடிக்கணும்னு சாயல்குடி வரைக்கும் போயிட்டா. அவ கையில ஒரு புஸ்தகம் பாதியில நிக்கணும். நின்னா வருவா."

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. மறுநாளே புத்தகம் தேடக் கிளம்பிவிட்டார்.

முதலில் பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்கள். அக்கா இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தலையணைக்கடியில் வைத்தாள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்கிற வகைப் புத்தகம். அதை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நானும் என் பங்குக்கு வீட்டில் கிடந்த ஒரு பெரிய தமிழ் நாவலைக் கொடுத்தேன். பரிசெல்லாம் வாங்கினது. முதல் அத்தியாயத்தில் பஞ்சம், மூன்றாவதில் காலரா.

"ஏளா பேச்சி, சாவு இங்கன சும்மாவே கெடைக்கு. அதுக்கு எதுக்குளா நானூறு பக்கம்?" என்று கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதால் அதைக் காட்ட முடியவில்லை.

கடைசியில் அண்ணாச்சிக்கு மாலுமிகள் மன்றம் ஞாபகம் வந்திருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே, கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில் இருக்கிறது. கப்பலில் வருகிறவர்கள் இறங்கி வந்து கேரம் ஆடவும் வீட்டுக்குப் பேசவும் ஒரு இடம். அதைப் பார்த்துக்கொள்கிற ஃபிராங்க்ளின் அவருக்குப் பழைய சிநேகிதர். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு புத்தக அலமாரி உண்டு. ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். இப்போது வருகிற மாலுமிகள் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறதோடு சரி. புத்தகங்கள் செல்லரித்துக் கிடந்தன.

"பழைய பேப்பர்க்காரன வரச் சொல்லியிருக்கேன் அண்ணாச்சி. நல்ல நேரத்துல வந்திய" என்றாராம் ஃபிராங்க்ளின்.

அண்ணாச்சிக்கு சரக்குப் பட்டியல் ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. கதை ஆங்கிலம் தெரியாது. ருஷ்ய மொழி, ஜெர்மன், இன்னும் எது எதுவோ கலந்து கிடந்த குப்பையில் எதை எடுப்பது? அட்டையைப் பார்த்து ஒன்றை எடுத்தார். ஒரு ராட்சதப் பூசணிக்காய்க்குக் கீழே இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பூசணி மேல் ஒரு வாத்து நிற்கிறது. உள்ளே எந்தக் கப்பலில் இருந்தோ குத்திய ரப்பர் முத்திரை.

"ஏன் அண்ணாச்சி இத எடுத்திய?" என்று கேட்டேன்.

"அட்டையில பொணம் இருக்கு. ஆனா வாத்து சிரிக்கு. அது என்னதான்னு பாப்பாள்லா."

புதன்கிழமை அதை அக்காவின் வலது கைப்பக்கம் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். முதல் ஒரு மணி நேரம் அக்கா தொடவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, ஒற்றைக் கையால் தூக்கிப் பிடித்தாள். நான் தம்பிக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கால்மணி நேரம் பக்கம் திரும்பவில்லை. திரும்பியது. இன்னொன்று திரும்பியது. திடீரென்று அவள் மெஷின் அலற ஆரம்பித்தது. டெக்னீஷியன் ஜெனோ ஓடிவந்தார்.

"யக்கா, கை அசையக் கூடாதுன்னு எத்தன மட்டம் சொல்ல?"

"நான் எங்க அசைச்சேன்? இந்த இன்ஸ்பெக்டரு ஒரு வாத்துக்குப் பயந்து கோயில் மணிக்கூண்டுல ஏறி உக்காந்துக்கிட்டான். எறங்க மாட்டேங்கான்" என்றாள் அக்கா. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில் கை ஆடி மெஷின் கத்தியிருக்கிறது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அண்ணாச்சியைப் பார்த்தேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை.

கதை இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. வருஷா வருஷம் காய்கறிப் போட்டி. பெரிய பூசணிக்குப் பரிசு. தீர்ப்புச் சொல்ல வந்தவர் அந்தப் பூசணிக்கடியிலேயே நசுங்கிச் செத்துக் கிடக்கிறார். பூசணி வளர்த்த ஆறு பேருக்கும் அவர்மேல் காட்டம். இன்ஸ்பெக்டருக்கு வாத்து என்றால் நடுக்கம். வடிவக்கா இதைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். அவள் சொல்லும்போது அந்த இங்கிலாந்துக்காரர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசினார்கள். ஒரு கிழவி இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "ஏலே, உனக்கு உத்தியோகம் குடுத்தவன் எவம்லே?" என்றாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு கோபம்தான். "பக்கத்துக்குப் பக்கம் டீ குடிக்காங்க, பாவிப் பயலுவ. பொணம் கெடக்கு, ஒரு டீ. துப்புக் கெடைக்கு, ஒரு டீ. எனக்கு நாளு முழுக்க ஒரு லிட்டர்."

என் தம்பிக்கும் ருசி கண்டுவிட்டது. சாகும் ஆள் யாராக இருந்தாலும் மச்சான்காரன்தான் கொன்றிருப்பான் என்று அடித்துச் சொல்வான். மச்சானே இல்லாத கதையிலும் சொன்னான். ஊசி குத்தும்போது என்னைத் திட்டுகிறவன், கதை கேட்கிற நாளில் திட்டைக் குறைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி திரும்பவும் மன்றத்துக்குப் போனார். அதே மாதிரி வேண்டும். கொலையும் இருக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும், வெள்ளைக்காரக் கிராமமாக இருக்க வேண்டும். ஃபிராங்க்ளின் பின்னட்டையைப் படிப்பாராம். படிக்கும்போது சிரிப்பில் அவர் உதடு பிரிந்தால் அது இந்தப் பக்கம், பிரியாவிட்டால் அந்தப் பக்கம். இரண்டு பேரும் மூன்று நாள் தூசிக்குள் உட்கார்ந்து பதினெட்டுப் புத்தகம் தேற்றினார்கள். பூனையால் மண்டை பிளந்து செத்த பாதிரியார் கதை, சவப்பெட்டிக்குள் தப்பான ஆள் இருந்த கதை, ஒரு ஊர் கிரிக்கெட் ஆட்டத்தில் இரண்டு அம்பயரும் செத்துப்போன கதை. பழைய பேப்பர்க்காரனுக்கு மிச்சம்தான் போனது.

புத்தகங்கள் கனம். பழைய பசை. ஒற்றைக் கையால் பிடித்தால் முதுகு விட்டு, தாள் தாளாக நெஞ்சில் கொட்டியது. அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். நான் ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்றாக வெட்டி, கம்பிச் சுருள் போட்டு பைண்டிங் செய்து கொடுத்தேன். மடக்கிப் பிடிக்க லேசாக இருக்கும். புத்தகத்தை வெட்ட முதலில் கை கூசியது. போகப் போகப் பழகிவிட்டது.

இரண்டாவது புத்தகத்திலிருந்து அண்ணாச்சி ஒரு வேலை செய்தார். முதல் இரண்டு பாகத்தை அக்காவிடம் கொடுத்தார். மூன்றாவதைத் தன் பழைய பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா இரண்டாம் பாகத்தை முடித்ததும், "மூணாவது எங்க?" என்றாள்.

"அடுத்த மட்டம் வாரப்போ."

"வீட்டுலயே குடுத்தா என்ன?"

"வீட்டுல எல்லாம் கெடையாது. இங்கன படுத்து ஊசி குத்துனதுக்கு அப்புறம்தான்."

வெளியே வந்து எனக்கு விளக்கினார். "கப்பல் கெளம்பணும்னா போர்ட் கிளியரன்ஸ் வேணும், பேச்சி. கஸ்டம்ஸ்ல வாங்கி நான்தான் கொண்டு போவேன். அந்தக் காகிதம் என் ஃபைல்ல இருக்க வரைக்கும் எப்பேர்ப்பட்ட கேப்டனா இருந்தாலும் நங்கூரத்தத் தூக்க முடியாது. கத்துவான், குதிப்பான், ஒண்ணும் நடக்காது. முப்பத்து நாலு வருசம் பாத்த வேலை. இவள மட்டும் விட்டுருவேனா?"

ஒரு கதையின் கடைசிப் பாகத்தைக் கொடுக்கும்போதே அடுத்த கதையின் முதல் இரண்டு பாகத்தையும் கொடுத்துவிடுவார். எப்போதும் ஒரு முடிவு அவர் ஃபைலில் இருக்கும். அக்கா திட்டிக்கொண்டே வருவாள். கார்த்திகை போனது, தை போனது, பங்குனி போனது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. டாக்டரே அண்ணாச்சியிடம் கேட்டார், அம்மா எப்படி மனசு மாறினார்கள் என்று. அண்ணாச்சி ஃபைலைத் தட்டிக் காட்டினார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்திரையில் அக்காவின் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். சர்க்கரைப் புண். அதற்குப் பிறகு மெஷினில் கிடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பிரஷர் இறங்கும், வாந்தி வரும். புத்தகம் மார்பில் கவிழ்ந்து கிடக்கும். அப்படி ஒரு நாள், அண்ணாச்சி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் அக்காவின் காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். வலியை மறக்கட்டும் என்று, "கொன்னது யாருக்கா?" என்று கேட்டேன்.

"பல் டாக்டர்" என்றாள் யோசிக்காமல்.

"அதுக்குள்ள எப்படித் தெரியும்? மூணாவது பாகம் அண்ணாச்சிட்டல்லா இருக்கு?"

அக்கா கதவைப் பார்த்தாள். "ஏளா, நாப்பது வருசமா படிக்கேன். பாதியிலயே தெரிஞ்சிரும். இதெல்லாம் நான் டெலக்ஸ்ல இருக்கையிலயே படிச்சது. அந்தப் பூசணிக்கா ஒண்ணுதான் புதுசு."

"அப்போ இந்தச் சிரிப்பெல்லாம்?"

"சிரிப்பு நெசந்தாம்ளா. அதுல பொய் இல்ல. தெரிஞ்ச சிரிப்பும் சிரிப்புதான். மறந்துபோயிருந்தேன், இவரு தேடிக் கொண்டாந்து குடுத்தாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா முடிவு தெரியணும்னு நான் வரல பேச்சி. எனக்கு ஐப்பசியிலயே போதும்னு ஆயிட்டு. காலையில அவரு குளிச்சு, அந்த ஃபைல எடுத்துக்கிட்டு வாசல்ல நிப்பாரு. அந்த மூஞ்சியப் பாத்து, வரலன்னு எப்படிச் சொல்ல? அவரு கையில ஒண்ணு வேணும்லா. இருந்துட்டுப் போவுது."

"அவருட்ட சொல்லட்டுமாக்கா?"

"சொன்ன, ஒன்ன அடிப்பேன்."

நான் சொல்லவில்லை. அதன் பிறகு திங்கள்கிழமைகளில் அண்ணாச்சி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெற்றிவீரன் கணக்காக வார்டுக்குள் நுழையும்போது, அக்கா அவரைத் திட்டுகிற மாதிரி நடிப்பதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தம்பியிடம் சிடுசிடுப்பேன்.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அக்காவுக்கு இரண்டு தடவை பிரஷர் இறங்கியது. ஜெனோ அரை மணி நேரம் முன்னாலேயே மெஷினை நிறுத்திவிட்டார். ஊசியை உருவி, கையில் பஞ்சை அழுத்திக் கட்டினார்கள். அண்ணாச்சி சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். இரண்டாம் பாகம் பாதிகூடத் தாண்டவில்லை, கட்டிலில் கிடந்தது.

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி அவர் கையைப் பிடித்தாள். "ஏங்க, அந்த மூணாவது பாகத்தக் குடுங்களேன்."

அத்தனை மாசத்தில் அவள் திட்டியிருக்கிறாள், அலுத்திருக்கிறாள். இப்படிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி சிரித்தார். "ரெண்டாவதே முடியல, அதுக்குள்ள என்ன அவசரம்? திங்கக்கிழமை."

"இன்னைக்குக் குடுத்தா என்னங்க?"

"திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமைதான்."

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்கு மாறினாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்துருங்க அண்ணாச்சி என்று. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து அடுப்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு நாள் இடைவெளிதான் இந்த வியாதிக்காரர்களுக்குக் கண்டம் என்று ஜெனோ பிற்பாடு சொன்னார். இருதயம் நின்றிருக்கிறது.

சாவுக்குப் போனேன். அண்ணாச்சியிடம் பேச முடியவில்லை, கூட்டம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறு திங்கட்கிழமை, தம்பியை மெஷினில் போட்டுவிட்டு வெளியே வந்தால், அண்ணாச்சி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல்.

"என்ன அண்ணாச்சி இங்கன?"

"வேற எங்கன போக? திங்கக்கிழமை காலையில குளிச்சேன், கால் தன்னால வந்துட்டு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபைலைத் திறந்து அந்தக் கடைசிப் பாகத்தை எடுத்தார். நான் போட்ட கம்பிச் சுருள். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேட்டாளே, பேச்சி. கையப் பிடிச்சுக் கேட்டா. ஒரு முடிவு தெரியாமப் போயிட்டா. நாலு வரியப் படிச்சிட்டுப் போயிருப்பா. நான் ஒரு பெரிய புத்திசாலி, திங்கக்கிழமைன்னேன். இத்தன நாளா இதுதான் ஓடுது. சோறு எறங்கல."

கன்னம் ஒட்டிப்போய், சவரம் செய்த இடத்தில் எல்லாம் வெட்டு. எனக்குத் தாங்கவில்லை. செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, இருக்கிறவன் உயிர் பெரிதா என்று நினைத்தேன். அவர் மனசிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு முடிவு தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரையில் அவள் காலைப் பிடித்துவிட்டபோது சொன்னது, பல் டாக்டர், பழைய டெலக்ஸ் ஆபீஸில் படித்தது, சிரிப்பு நிஜம் என்றது, வாசலில் நிற்கும் அவர் முகத்துக்காக வந்தது. ஒன்றையும் விடவில்லை. வாசலில் நிற்கிற இடம் வந்தபோது அவர் ஒரு தடவை கண்ணை மூடினார்.

"சிரிச்சது நெசம்னு சொன்னாளா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க தேடிக் கொண்டாந்து குடுத்தியன்னு சொன்னா."

தலையை ஆட்டினார். மடியிலிருந்த பாகத்தை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் ஒரு திருப்தி வந்தது. டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தெரியும்னா, வெள்ளிக்கிழமை எதுக்குக் கேட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அன்றைக்கே பக்கத்தில் நின்று பார்த்தவள். அவள் எதற்காக அப்படிக் கேட்டாள் என்று இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை.

"கொன்னது யாருன்னு கேக்கல அவ" என்றார் அண்ணாச்சி. குரல் சாதாரணமாக இருந்தது. "போதும், என்னைய விட்டுருங்கன்னு கேட்டிருக்கா. நான் திங்கக்கிழமைன்னுட்டேன்."

உள்ளே யாருடைய மெஷினோ அலறியது. ஜெனோ ஓடும் சத்தம் கேட்டது. என் தம்பியாக இருக்குமோ என்று எழுந்தேன். அண்ணாச்சி என் முந்தானை நுனியைப் பிடித்து நிறுத்தினார். சின்னப் பிள்ளை பிடிக்கிற பிடி.

"முப்பத்தெட்டு வருசத்துல ஒரு சேலை வேணும்னு கேட்டதில்ல பேச்சி. ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டதில்ல. அவ என்ட்ட கையப் பிடிச்சுக் கேட்டது அது ஒண்ணுதான்."